பயிரின் பெயர்: பூ

தப்பு என் வாயில்தான் இருந்தது. கிராம நிர்வாக அலுவலரை நான் ஊர் கேட்கத் திட்டினது உண்மை. ஆனால் ஆற அமர யோசித்தால் அந்த வார்த்தையை அவர் கையில் எடுத்துக் கொடுத்தது நான்தான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். திட்டி முடித்த பிறகு ஒப்புக்கொள்வது என் பழக்கம். என் வீட்டுக்காரர் செல்வதாஸைக் கேட்டால் சொல்வார்.

கார்த்திகைக் கடைசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் விடியற்காலம் செம்பன்குளத்தின் கரை மடைக்குப் பக்கத்தில் உடைந்தது. குளத்தின் கீழே கிடந்த எல்லா வயலும் முங்கிவிட்டன. என் வயல் மடைக்கு நேர் கீழே. ஒன்றேகால் ஏக்கர், பொன்மணி நெல், நட்டு ஐம்பது நாள், நன்றாகத் தூர் கட்டி நின்ற பயிர். போய்ப் பார்த்தபோது வயலும் தெரியவில்லை, வரப்பும் தெரியவில்லை. ஒரே செங்கல் நிற வெள்ளம். அதன் மேலே யாருடையதோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மிதந்துகொண்டிருந்தது.

என் வயல் என்று சொல்கிறேன், அது பாட்ட வயல், குத்தகைக்கு எடுத்தது. பட்டா நாகர்கோவிலில் இருக்கிற நாராயணபெருமாள் சார் பெயரில். பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்திரண்டு வருஷமாக நான் அதைப் பயிரிடுகிறேன். தொடக்கத்தில் வீட்டுக்காரரும் கூட நின்றார். முழங்கால் முட்டு தேய்ந்து வரப்பில் இறங்க முடியாமல் போனபின் நான் ஒருத்திதான். பூவுக்கு ஆறு கோட்டை நெல் பாட்டம். எழுத்து ஒன்றும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். வெள்ளத்தில் பயிர் போனால் அந்தப் பூவுக்குப் பாட்டம் வேண்டாம், ஆனால் நெல் போனது என்று சர்க்கார் தாளில் இருக்க வேண்டும். இது அவருடைய அப்பா காலத்து ஏற்பாடு. பாட்டக்காரர்கள் பொய் சொல்லி நெல்லை அமுக்கிவிடுவார்கள் என்று பயம் அவர்களுக்கு.

பூ என்றால் என்ன என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதை முழுக்க அந்த ஒரு எழுத்தில்தான் கிடக்கிறது. நாஞ்சில் நாட்டில் வயலுக்கு வருஷத்தில் இரண்டு பூ. சித்திரையில் விதைத்துக் கன்னி மாசம், அதாவது புரட்டாசியில் அறுப்பது கன்னிப்பூ. அதற்குப் பிறகு நட்டுக் கும்ப மாசம், மாசியில் அறுப்பது கும்பப்பூ. ஒரு போகத்துக்குப் பெயர் பூ. இரண்டிலும் விளைவது நெல். எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். எங்கள் கிராம நிர்வாக அலுவலர் திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன். வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

நான்காம் நாள் அவர் குளத்தங்கரையில் ஒரு டேபிளைப் போட்டு உட்கார்ந்து சேதக் கணக்கு எழுதினார். மற்றவர்களுக்கெல்லாம் கிராம உதவியாளர் இசக்கி பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினார். இசக்கி எங்கள் ஊர்க்காரன், அவனுக்கு எல்லாம் தெரியும். என் முறை வந்தபோது அவன் சாயா குடிக்கப் போய்விட்டான். எனக்கோ காலையிலிருந்து நின்று கால் கடுத்துப்போயிருந்தது.

“பேரு சொல்லுங்கம்மா.”

“லீலாபாய்.”

“சர்வே நம்பர்?”

சொன்னேன். பேங்க் புத்தகத்தையும் ஆதாரையும் நீட்டினேன்.

“என்ன பயிரும்மா?”

“கும்பப்பூ. ஒண்ணேகால் ஏக்கர். ஒண்ணும் மிச்சமில்ல சார், எல்லாம் போச்சு.”

அவர் எட்டி வெள்ளத்தைப் பார்த்தார். என்ன தெரியும், வெள்ளம்தான் தெரியும். “முழுசா பூ தானாம்மா?” என்று கேட்டார்.

“பின்ன? கும்பப்பூதான், வேற என்ன? வேகம் எழுதும் சார், காலு நிக்கமாட்டேங்கு.”

எழுதினார். நானும் கையெழுத்துப் போட்டேன். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசினால் இப்படித்தான் ஆகும்.

இருபது நாள் கழித்து ஒரு போன் வந்தது. நான் வீட்டில் மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் குரல். “தோட்டக்கலைத்துறையில இருந்து அபிதா பேசியேன். உங்களுக்க பூந்தோட்டம் எங்க இருக்கு? தோவாளை ரோட்டுலயா, உள்ளயா?”

“நம்பரு மாறிப் போச்சு மக்கா,” என்று வைத்துவிட்டேன்.

மறுபடியும் வந்தது. “லீலாபாய்தானே? ஒண்ணேகால் ஏக்கர் பூ சேதம்னு லிஸ்டுல இருக்கு. பிச்சியா, கிரேந்தியா?”

எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. எங்கள் கிறிஸ்தவ சபையில் பெண்கள் தலையில் பூ வைக்கிற வழக்கமே கிடையாது. கல்யாணத்தன்று கூட நான் பூ வைத்ததில்லை. அப்படிப்பட்ட என்னை சர்க்கார் ஒன்றேகால் ஏக்கர் பூக்காரி ஆக்கி வைத்திருக்கிறது. விஷயம் புரிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு நேரே கிராம ஆபீசுக்குப் போனேன்.

அங்கே நான் பேசினதை எல்லாம் எழுத முடியாது. “நெல்லுக்க பேரு தெரியாதவன் வயலை எழுத வந்தா, ஊரு வெளங்குமா?” என்பது அதில் மரியாதையான பகுதி. இசக்கி முதலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான், அப்புறம் முடியாமல் வெளியே போய்ச் சிரித்தான். பாவம் அந்தப் பையன், முகம் வெளுத்துப் போயிற்று.

“அம்மா, பக்கத்துல தோவாளை முழுக்க பூ விளையுதுன்னு சொன்னாங்க. கும்பப்பூன்னு ஒரு ஜாதிப் பூவாக்கும்னு நினைச்சிட்டேன். உங்ககிட்ட ரெண்டு தடவை கேட்டேனேம்மா.”

கேட்டது உண்மைதான். அதனால் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

“சரி, இப்ப மாத்தி எழுதும்.”

“லிஸ்ட் மேல போயிடுச்சும்மா. நெல் லிஸ்ட் போன வாரமே குளோஸ். இனி நான் தொட முடியாது.” குரலைத் தாழ்த்தினார். “விட்டுடுங்கம்மா. பூவுக்கு நெல்லை விட தொகை கூட. அந்த மேடம் வந்து பார்த்து ஒரு கையெழுத்துப் போட்டா சீக்கிரமே அக்கவுண்ட்டுல விழுந்துடும். உங்களுக்கு நல்லதுதான்.”

வீட்டுக்கு வந்து சொன்னபோது செல்வதாஸும் அதையேதான் சொன்னார். “ஏட்டி, கர்த்தர் ஒரு வழியில அடைச்சா மறு வழியில தாராரு. வாங்கிட்டுப் பேசாம இரி. உரக்கடைக்காரனுக்கு என்ன பதிலு சொல்லுவே?”

நானும் கொஞ்சம் இளகினேன், பொய் சொல்லவில்லை. விதை, உரம், நடவுக்கூலி எல்லாம் வெள்ளத்தோடு போயிருந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன, நெல் என்ன பூ என்ன, வாங்கிவிடலாம் என்று அன்றைக்கு ராத்திரி படுக்கும்போது முடிவு செய்தேன்.

காலையில் நாராயணபெருமாள் சார் போன் செய்தார்; கிராம ஆபீசில் நான் போட்ட சத்தம் அவர் காது வரைக்கும் போயிருந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை.

“லீலா, நீ வயல்ல பூவா போட்டிருக்கே?”

“சார், அது நம்ம கும்பப்பூவ அந்தப் பய தப்பா எழுதினது. உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? தாளுல என்ன இருக்குன்னு பாக்கணும்லா. நெல்லு போச்சுன்னு தாளு இல்ல. அப்பம் பாட்டம் ஆறு கோட்டை மாசியில வந்திரணும். நெல்லு இல்லன்னா ரூவாயா தா. அதும் போட்டு, நெல்லுப் பாட்டத்துல கொடுத்த வயல்ல பூ போட்டா பாட்டம் முறிஞ்சுதுன்னுல்லா அர்த்தம்? சர்க்கார் ரூவாயை வாங்கிக்கோ, நான் வேண்டாம்னு சொல்லல்ல. ஆனா கன்னிப்பூவுக்கு நீ உழண்டாம்.”

அவர் நாஞ்சில் நாட்டு வயலில் வளர்ந்த மனுஷன். கும்பப்பூ என்றால் என்ன என்று என்னை விட நன்றாகத் தெரியும். எங்கள் வயலுக்கு அடுத்த வயல் கண்டத்தை இரண்டு வருஷம் முன்னால் மண்ணடித்து மனைகளாக விற்றார்கள். புரோக்கர் தேவகுமார் இவர் வீட்டுக்கு அடிக்கடி போய் வருகிறான் என்பது ஊருக்கே தெரியும். நெல் விளையாத வயல் என்று சர்க்கார் தாள் ஒன்று கையில் இருந்தால் மனை போடுகிற வேலை அவருக்கு லேசாகும். பாட்டக்காரியையும் தள்ளிவிடலாம். நான் பூ என்று கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கினால் அந்தத் தாளை நானே எழுதிக் கொடுத்த மாதிரி. இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் ஒரு பூவுக்குக் கூட நான் பாட்டம் பாக்கி வைத்ததில்லை.

அபிதா மூன்று நாள் கழித்து ஸ்கூட்டரில் வந்தாள். இருபத்தாறு இருபத்தேழு வயசிருக்கும். தோட்டக்கலைத்துறை ஆபீசர் என்று கழுத்தில் அட்டை தொங்கியது. சொந்த ஊர் அருமனை. வரப்பில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். வெள்ளம் வடிந்திருந்தது. பயிர் மொத்தமும் கறுத்துச் சேற்றோடு படுத்துக் கிடந்தது, நாற்றம் குடலைப் பிடுங்கியது. மடைப் பக்கம் முழங்கால் உயரத்துக்கு மணல்.

“இதுவா பூ?” என்று கேட்டாள்.

“இதுதான் பூ. மோந்து பாரு.”

அவள் சிரித்துவிட்டாள். “எங்க வீட்டுல ரப்பர்தான் ஆன்ட்டி. நெல்லு பஸ்ஸுல போவும்போ பாத்ததுதான். ஆனாலும் இது பூ இல்லன்னு எனக்கே தெரியுது.” ஒரு தூரைப் பிடுங்கிப் பார்த்தாள், வேர் கையோடு அழுகி வந்தது. அதைப் போனில் படம் எடுத்தாள். நின்று நாலு பக்கமும் எடுத்தாள்.

பிறகு வரப்பிலேயே உட்கார்ந்து நான் முழுக்கதையையும் சொன்னேன். நான் பேசத் தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தது, பாட்டம் எடுத்தது, போன வருஷம் பன்றி இறங்கியது, வெள்ளத்தன்றைக்கு மிதந்த நாற்காலி வரைக்கும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள்.

“ஆன்ட்டி, என் கையில ரெண்டு வழிதான் இருக்கு,” என்றாள். “பூ இருந்துது, அழிஞ்சு போச்சுன்னு எழுதினா உங்களுக்கு ரூவா வரும். நான் அப்படி எழுதினா அது தப்புதான், ஆனா இந்தச் சேதத்தைப் பாத்தா எழுதலாம்னு தோணுது. இல்லன்னா உள்ளதை உள்ளபடி எழுதுவேன். பூ இல்ல, நெல்லுன்னு. ஆனா நெல்லு எங்க துறை இல்ல. நெல்லு லிஸ்டும் அடைச்சாச்சு. அப்படி எழுதினா உங்க மனு அதோட தீந்துது. பத்துப் பைசா வராது.”

வீட்டுக்காரர் ரோட்டில் நின்று கைகாட்டிக்கொண்டிருந்தார், கையெழுத்துப் போடு என்று. முட்டு வலியோடு அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தார்.

“நெல்லுன்னு எழுதினா அது சர்க்கார் தாளா? சீல் இருக்குமா?”

“சீல், கையெழுத்து எல்லாம் இருக்கும். உங்களுக்கு ஒரு காப்பி தபால்ல வரும்.”

“அப்பம் நெல்லுன்னு எழுது மக்கா.”

பொய் சொல்லக்கூடாது என்பதற்காக அப்படிச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டால் எனக்குப் பெருமைதான், ஆனால் காரணம் அது இல்லை. ரூபாய் வந்தால் உரக்கடைக்கும் நடவுக்கூலிக்கும் போய்விடும். வயல் போனால் நான் எங்கே போவேன்? கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். அவள் ஸ்கூட்டர் திரும்பும் வரைக்கும் கூப்பிட்டு மாற்றச் சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது.

செல்வதாஸ் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கஞ்சி குடிக்கும்போது, “நீ செஞ்சது புத்தியா மடத்தனமான்னு எனக்குத் தெரியல்ல,” என்றார். எனக்கும் தெரியாது என்றேன். ஊரில் நெல் லிஸ்டில் இருந்தவர்களுக்கெல்லாம் தை மாசம் பணம் வந்தது. அடுத்த வீட்டு ஷீஜா போனில் மெசேஜைக் காட்டினாள். அவள் நல்லவள், சங்கடப்பட்டுக்கொண்டேதான் காட்டினாள். ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாசி இரண்டாம் வாரம் தபால் வந்தது. பழுப்புக் கவர், உள்ளே ஒற்றைத் தாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு வார்த்தையைத்தான் தேடினேன். நெற்பயிர் என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் அழுகி என்று இருந்தது. கீழே சீல் இருந்தது. அது போதும் என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். மற்ற வரிகளை வாசிக்கத் தோன்றவில்லை. சர்க்கார் தமிழை நம்மால் வாசித்து முடிக்கவும் முடியாது.

நாராயணபெருமாள் சார் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். தாளை நீட்டினேன். பேங்க்காரர் இல்லையா, அடியிலிருந்துதான் வாசித்தார்.

“மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.” வாசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “தள்ளுபடின்னுல்லா போட்டிருக்கு லீலா. ஒண்ணும் கெடைக்கல்லியா?”

“ஆமா சார், சர்க்கார் எனக்கு தள்ளுபடி பண்ணியாச்சு. இனி பாட்டத்தை நீங்க தள்ளுபடி பண்ணும். நெல்லு அழுகிப் போச்சுன்னு மேல இருக்கு, வாசியும்.”

சிரிப்பை விடாமல் மேலே போனார். சத்தமாகத்தான் வாசித்தார். “மேற்படி புல எண்ணில் மலர் சாகுபடி ஏதும் இல்லை எனவும், கடந்த இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தொடர்ந்து நெல் பயிரிட்டு வரும் திருமதி லீலாபாய் என்பவரின்...”

அங்கே நின்றுவிட்டார். மீதியை வாய்க்குள் வாசித்தார். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். சீலைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

“இருபத்திரண்டு வருஷம்னு ஆரு எழுதச் சொன்னா?”

“ஆரும் சொல்லல்ல. நான் பேசிட்டிருந்தேன், அந்தப் பிள்ளை எழுதிச்சு.”

“என் பேரு இதுல ஒரு எடத்துலயும் இல்லியே.”

அப்போதுதான் எனக்கு விஷயம் தலையில் ஏறிக்கொண்டிருந்தது. நெல் என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவர் கண் வேறு வரியில் கிடந்தது; எழுத்தே இல்லாத பாட்டத்துக்கு அது சர்க்கார் எழுத்து, இனி என்னை லேசில் வயலை விட்டு இறக்க முடியாது.

“சரி,” என்றார். குரல் ரொம்ப மெதுவாகிவிட்டது. “நீ கஷ்டப்பட்டவ. ஆறு கோட்டையும் வேண்டாம். உரக்கடைக் கடன் எவ்வளவு? அதையும் நான் பாத்துக்கிடுதேன். இந்தத் தாளு இங்க இருக்கட்டு. உனக்கு இதுனால என்ன பிரயோஜனம், தள்ளுபடி ஆன மனுல்லா.”

உரக்கடைக் கடனை அவர் கேட்டதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளம் வந்த அன்றைக்கு நான் போன் செய்தபோது, பயிர் போச்சா என்று கூடக் கேட்காமல் தாள் வாங்கிக்கொண்டு வா என்று சொன்ன மனுஷன். இப்போது ஒரு தாளைத் தா என்று கெஞ்சுகிறார். எனக்கு அவரைப் பார்க்கக் கோபம் கூட வரவில்லை, பாவமாக இருந்தது.

“வாசிச்சாச்சுல்லா சார். தாரும்,” என்று கையை நீட்டினேன்.

“கேஸுக்கா போவப் போறே?”

“நான் எங்க போவேன். வயலுக்குத்தான் போவேன். மணலு கெடக்கு, வாரணும். சித்திரையில கன்னிப்பூ விதைக்கணும்.”

உள்ளேயிருந்து அவருடைய மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். தாளின் ஒரு முனை அவர் கையில் இருந்தது, மறு முனையை நான் பிடித்துக்கொண்டேன். இழுக்கவில்லை. அவரும் இழுக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம், இரண்டு பேருக்கும் வயசான காலத்தில் இது என்ன கூத்து என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அப்புறம் அவர் விட்டுவிட்டார்.

“போ,” என்றார். “போயி உழு. பாட்டம் கன்னிப்பூவுலேந்து பாத்துக்கிடலாம்.”

“ஆறு கோட்டை வழக்கம்போல வரும் சார்,” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அதில் நான் யாருக்கும் குறைத்தவள் இல்லை.

வடசேரியில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் தாளைப் பிரித்து முழுக்க வாசித்தேன். அந்த வரியை மூன்று தடவை வாசித்தேன். இருபத்திரண்டு வருஷம், நாற்பத்தி நாலு பூ, உழுது நட்டுக் களை பறித்து அறுத்திருக்கிறேன். அந்த வயலுக்கு நேராக என் பெயரை யாரும் எழுதினது கிடையாது. இப்போது எழுதியிருக்கிறார்கள், உனக்கு ஒன்றும் கிடையாது என்று சொல்வதற்காக எழுதியிருக்கிறார்கள். வெள்ளம் வந்தபோது நான் அழவில்லை, ஷீஜாவுக்குப் பணம் வந்தபோதும் அழவில்லை. இப்போது நிறுத்த முடியாமல் அழுகை வந்தது.

பக்கத்தில் இருந்த பெண் தாளையும் என்னையும் பார்த்துப் பயந்துவிட்டாள். “ஆருக்கு என்னக்கா?” என்று கையைப் பிடித்தாள்.

“ஆருக்கும் ஒண்ணுமில்ல மக்கா,” என்றேன். “என் பேரு எழுதியிருக்கு. நீயும் ஒருக்கா வாசிச்சுப் பாரு.”